கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐந்து வாய்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. ஸ்லிவென் ஊர் ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி, காது மூக்கு தொண்டைப் பிரிவு. அங்கே வியாழக்கிழமை மட்டும் திறக்கிற கடைசிக் கதவு ஒன்று இருக்கிறது. அதற்கு வெளியே உள்ள பெஞ்சில், போன வாரம், என் காதுக்கருவிக்கு பேட்டரி மாற்றக் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த பென்கா சொன்னது.

பென்கா முப்பத்தொரு வருஷம் கம்பளி ஆலையில் தறி ஓட்டியவள். எழுபத்துநாலு வயசு. அவளுக்குக் காது கேட்காது; இருக்கிற கருவியைக் கைப்பையிலேயே வைத்திருப்பாள். எனக்கோ அன்றைக்கு பேட்டரி செத்துக்கொண்டிருந்தது. சொன்னவளுக்கும் கேட்காது, கேட்டவளுக்கும் சரியாகக் கேட்காது. நல்லவேளை, பென்கா இன்னமும் ஆலைக் குரலில்தான் பேசுகிறாள். இருபது தறிக்கு மேலே எழும்பிப் பழகிய குரல், செத்த பேட்டரியையும் தாண்டி வந்துவிடும்.

எனக்குக் கதை எப்போதும் பேச்சாகத்தான் வரும். யார் என்ன சொன்னார்கள், யார் குறுக்கே விழுந்தார்கள், அதுதான் முதலில் காதில் விழும். வர்ணனையெல்லாம் பின்னால் தேடிப்பிடித்து ஒட்ட வேண்டியதுதான். அதனால் தொடக்கம் எழுதுவது எனக்குக் கஷ்டம். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: “மார்ச் எட்டாம் தேதி காலை, பனி மெல்ல மெல்ல நகரத்தின் மீது—” (பனியே இல்லையாம். காற்றுதானாம். தொப்பி பறந்ததாம். அடித்தாயிற்று.)

இரண்டாம் தொடக்கம்: “மருத்துவ ஆராய்ச்சிப் பரிசுகளில் பெண்களுக்கு உரிய பங்கு கிடைக்கிறதா என்னும் வினா நெடுங்காலமாகவே—” (இதைப் படித்துக் காட்டியபோது பென்கா கொட்டாவி விட்டாள். கொட்டாவி விட்டவளைக் குறை சொல்ல முடியாது. நானே வினா என்ற இடத்தில் தூங்கப் போனேன்.)

மூன்றாம் தொடக்கம்: “காது வெள்ளியில் செய்தது.”

இது நிற்கும்.

2

காது வெள்ளியில் செய்தது. கிழக்குச் சரிவுக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் (பெயரை மாற்றிவிட்டேன், மாற்றாவிட்டால் என் பேட்டரியை யார் மாற்றுவார்கள்?) வருஷத்துக்கு ஒருமுறை, சிறந்த ஆய்வுக்குக் கொடுக்கிற பரிசு. சங்கத்தை ஆரம்பித்த பெரியவரின் இடது காதை அச்சு எடுத்து வார்த்தது. பெரியவரின் காது பெரிய காது. மடல் தொங்கும். அச்சு எடுத்தவன் நேர்மையானவன் போலிருக்கிறது, காதுக்குள்ளே வளர்ந்திருந்த நாலு முடியையும் விடவில்லை. ஜெயித்தவர்கள் எல்லோர் வீட்டிலும் அந்த நாலு முடியோடு ஒரு காது கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. அவரவர் மனைவிமார் சனிக்கிழமைதோறும் பல் துலக்கும் பிரஷ்ஷால் அதைச் சுத்தம் செய்கிறார்கள்.

மனைவிமார் என்று எழுதினேன் இல்லையா? அதுதான் விஷயம். முப்பத்தெட்டு வருஷத்தில் முப்பத்தேழு காது ஆண்களுக்கு. மீதி ஒன்று, பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு டாக்டர் தம்பதிக்குச் சேர்த்துக் கொடுத்தது. குழந்தைகளின் தொண்டைச் சதை பற்றிய ஆய்வு. செய்தது மனைவி; கணவர் கார் ஓட்டினார். சேர்த்துக் கொடுத்தால் எப்படிப் பிரிப்பது? குழு யோசித்து, கணவருக்குக் காதையும், மனைவிக்குக் காது வைத்திருந்த பெட்டியையும் கொடுத்தது. நல்ல பெட்டி. உள்ளே நீல வெல்வெட்டில் காது வடிவத்தில் ஒரு பள்ளம்.

காது கிடைத்த ஆய்வை, தனியாகக் கிடைத்தாலும் பங்காகக் கிடைத்தாலும், இன்னும் மூன்று வருஷம் நடத்தலாம். அறை, கருவி, ஆள் எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. கிடைக்காத ஆய்வு, செய்தவர் ஓய்வு பெறும் நாளோடு சரி. கதவைப் பூட்டி சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

தீர்ப்பு எடுப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. மாநாடு எந்த ஆஸ்பத்திரியில் நடந்தாலும், குழுவிலிருக்கும் ஐந்து பேரும் அங்கே உள்ள செவிச் சோதனைக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்கள். சுவரெல்லாம் பஞ்சு. கதவு ஒரு சாண் தடிமன். உள்ளே பீரங்கி வெடித்தாலும் வெளியே கேட்காது. ஒருவர் உட்காரச் செய்த கூண்டில் ஐந்து பேர், முழங்காலோடு முழங்கால். ரகசியம் காப்பதில் காது டாக்டர்களை மிஞ்ச ஆள் இல்லை என்று அவர்களுக்கு ஒரே பெருமை.

கூண்டுக்கு ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல் உண்டு. உள்ளே இருக்கிற நோயாளியைப் பார்ப்பதற்காக.

* பென்கா: “இத இப்பவே ஏன் சொல்ற? அப்புறமா சொல்லேன்.” நான்: “இப்பச் சொன்னாத்தான் அப்புறம் புரியும்.” பென்கா: “படிக்கறவங்க என்ன முட்டாளா?” இல்லை. ஆனால் என் வயசுக்காரர்களும் படிக்கலாம்.

3

டாக்டர் தெமெனுகா பாலெவா. அறுபத்தோரு வயசு. ஸ்லிவென்காரி.

முதலில் இவளை உயரமாக, மெலிந்தவளாக, துயரம் தோய்ந்த கண்களோடு எழுதினேன். கூண்டுக்கு வெளியே நின்று ஒரு சொட்டுக் கண்ணீர் விட வைத்தேன். பென்காவிடம் படித்துக் காட்டினேன்.

“யாரு இது?”

“உங்க டாக்டரம்மா.”

“அவளா? அழுதாளா? ஏங்க்கா, அவ குட்டையா, குண்டா, எப்பப் பாத்தாலும் கையில பனிட்சா வச்சுக்கிட்டிருப்பா. அந்த ஃபைல் எல்லாத்துலயும் வெண்ணெய்க் கறை. அழறதுக்கு அவளுக்கு எங்க நேரம்?”

எனவே: தெமெனுகா குட்டை. குண்டு. கையில் பனிட்சா (வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுட்ட பணியாரம்). அழ நேரம் இல்லை.

அவளுடைய ஆய்வு ஒரு கடைவாய்ப் பல்லில் பிறந்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, அவளுக்குத் தாடை வீங்கி, வாயைச் சுற்றிக் கம்பளித் துணி கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள். அன்றைக்கு ஆலைப் பெண்கள் ஆறு பேருக்குச் சோதனை. டாக்டர் ஒரு வார்த்தை சொல்லுவார், நோயாளி திருப்பிச் சொல்ல வேண்டும். பழைய சோதனை. அந்த ஆறு பேரும் வருஷாவருஷம் நூற்றுக்கு நூறு வாங்குகிறவர்கள்.

“ரொட்டி,” என்றாள் தெமெனுகா, துணிக்குள்ளிருந்து.

பென்கா அவளையே பார்த்தாள்.

“ஜன்னல்.”

பென்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“பென்கா, கேக்குதா?”

“டாக்டரம்மா, அந்தத் துணிய எடுத்துட்டுப் பேசுங்களேன். காதுல விழ மாட்டேங்குது.”

தெமெனுகா துணியை எடுத்தாள். பென்கா ரொட்டி என்றாள், ஜன்னல் என்றாள், கத்தரி, மழை, சித்தப்பா எல்லாம் சொன்னாள். நூற்றுக்கு நூறு. துணியைக் கட்டியதும் பூஜ்யம்.

தறிக் கூடத்துச் சத்தத்தில் யாரும் யார் பேச்சையும் காதால் கேட்டதில்லை. முப்பது வருஷம் உதட்டைப் பார்த்தே கல்யாணம் பேசி, சண்டை போட்டு, மேஸ்திரியைத் திட்டி வாழ்ந்தவர்கள். டாக்டர் வாயைப் பார்த்தால் போதும், சோதனையில் ஜெயித்துவிடுவார்கள். டாக்டர்களும் ஃபைலில் ‘செவித்திறன் இயல்பு’ என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். ஆஸ்பத்திரியைப் பொறுத்தவரை இந்த ஊரிலேயே நல்ல காது ஆலைப் பெண்களுடையது.

அன்றிலிருந்து தெமெனுகா வாய்க்கு முன்னால் ஃபைலைப் பிடித்துக்கொண்டு சோதிக்கிறாள். பத்தொன்பது வருஷம், இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள். நூற்று எழுபது பேருக்குக் காது போயிருந்தது. ஒருவரிடமும் கருவி இல்லை. கருவி வாங்கிக் கொடுத்தது அந்த வியாழக்கிழமைக் கதவுதான். இன்னும் நாற்பது பேர் வரிசையில். அவள் கோடையில் ஓய்வு பெற வேண்டும்.

அதற்குள் காது கிடைத்தாக வேண்டும்.

ஏற்கனவே ஆறு முறை விண்ணப்பித்திருந்தாள். ஆறு முறையும் மாநாட்டு மேடைக்கு அழைத்து, நாற்காலி போட்டதற்கும், காப்பி ஏற்பாடு செய்ததற்கும், பெயர்ச் சீட்டு எழுதியதற்கும் நன்றி சொல்லிப் பூ கொடுத்தார்கள். “தெமெனுகா இல்லாம இந்தச் சங்கமே இல்ல!” என்பார் தலைவர் ஹரலம்பி. எல்லோரும் கை தட்டுவார்கள். அவளும் கை தட்டித் தொலைப்பாள், பழக்க தோஷம்.

4

(இந்தப் பகுதியில் வில்லன் வரவேண்டும். ஆனால் பேராசிரியர் ஹரலம்பியை வில்லனாக எழுத எனக்குக் கை வரவில்லை. நல்ல மனுஷன். பெரிய வெள்ளை மீசை. வருஷாவருஷம் மார்ச் முதல் தேதி, சங்கத்துப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூலைத் தன் கையாலேயே மணிக்கட்டில் கட்டிவிடுவார். பிறந்த நாளை மறக்க மாட்டார். ஆய்வைத்தான் படிக்க மாட்டார். இப்படி ஒரு மனுஷனை எப்படித் திட்டுவது என்று யோசித்து ஒரு நாள் வீணாயிற்று.)

இந்த முறை மாநாடு ஸ்லிவெனில், அவள் ஆஸ்பத்திரியிலேயே, மகளிர் தினத்தன்று. போட்டியில் இரண்டே ஆய்வு. ஒன்று தெமெனுகாவுடையது. இன்னொன்று டாக்டர் ஓக்னியான் தாஸ்கலோவின் குறட்டை ஆய்வு. ஒன்பது பேரை வைத்துச் செய்தது. அந்த ஒன்பதில் ஒருவர் ஓக்னியான். ஒருவர் அவருடைய மாமனார்.

மத்தியானம் செய்து காட்டுவதற்காகத் தெமெனுகா பென்காவையும் அவள் தோழி மார்காவையும் வரச் சொல்லியிருந்தாள். இரண்டு பேரும் நல்ல கோட்டு போட்டுக்கொண்டு, தாழ்வாரத்துப் பெஞ்சில், கூண்டின் கண்ணாடிக்கு நேர் எதிரே, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் அறுபது டாக்டர்கள் நின்றபடி காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். ஐந்து பேர் கூண்டுக்குள் போனார்கள். கதவு ‘தப்’பென்று மூடியது.

உள்ளே நாலு ஸ்டூல்தான் இருந்தது. ஐந்தாமவர், குண்டு மனுஷன், தெமெனுகாவின் ஆய்வறிக்கையைத் தரையில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தார். நானூறு பக்கம். வசதியாக இருந்திருக்கும்.

மார்கா தன் மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். அவள் பென்காவை இடித்தாள்.

“என்னடி பேசறாங்க?”

பென்காவுக்கு இது ரகசியம் என்றே தோன்றவில்லை. ஆலையில் கூடத்தின் அந்தக் கோடியில் ஒருத்தி சொன்னதைப் பக்கத்துத் தறிக்குச் சொல்லிவிடுவது வழக்கம். சொல்லாவிட்டால்தான் தப்பு.

“மீசைக்காரரு கேக்கறாரு: ‘மத்தியானம் சாப்பாட்டுக்கு என்ன?’” என்றாள் ஆலைக் குரலில். “குண்டு சொல்றாரு: ‘ஆட்டுக்கறிச் சூப்பு.’ மீசை: ‘அப்ப சுருக்கா முடிச்சிருவோம்.’”

அறுபது காப்பிக் கோப்பைகள் பாதி வழியில் நின்றன.

5

மன்னிக்கவும். இனி வருவது பென்கா வாசித்தது. நான் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. (சேர்த்தேன். ஒரே ஒரு இடம். கண்டுபிடித்தால் சந்தோஷம்.)

“எளையவரு சொல்றாரு: ‘அந்தம்மாகிட்ட இருநூத்திப் பன்னண்டு பேரு சார். பத்தொம்போது வருஷம்.’ குண்டு: ‘ஓக்னியான்கிட்ட?’ ‘ஒம்போது.’ குண்டு: ‘ஒம்போதுலயே கண்டுபிடிச்சுட்டானே, அதான்யா திறமை! இருநூறு பேர வச்சுக்கிட்டு யாருதான் கண்டுபிடிக்க மாட்டான்?’”

“எளையவரு: ‘அந்த ஒம்போதுல ஒருத்தரு அவரேதான் சார்.’ மீசை: ‘பாத்தியா, தன்மேலயே சோதிச்சிருக்கான். தியாகம்.’”

ஓக்னியான் தாழ்வாரத்தில்தான் நின்றிருந்தார். காப்பியை வைக்க இடம் தேடினார்.

“கண்ணாடி போட்டவரு: ‘அந்தம்மா கோடையில ஓய்வு பெறுது. இப்பப் போயி எதுக்குப் பாவம், தொந்தரவு?’ எளையவரு: ‘ஓக்னியானும்தான் ஓய்வு பெறறாரு.’ கண்ணாடி: ‘அதான் சொல்றேன், அவனுக்கு ஒரு நல்ல வழியனுப்பு வேண்டாமா?’”

“அட!” என்றாள் ஒரு டாக்டரம்மா. “சத்தமாச் சொல்லுங்க பாட்டி, இந்தப் பக்கம் கேக்கல.”

“இன்னும் சத்தமாவா?” என்றாள் பென்கா.

சங்கத்தின் எழுத்தர் செவ்தா பதிவேட்டைத் திறந்தாள். முப்பத்தெட்டு வருஷமாக அதில் ‘விவாதம்’ என்ற தலைப்புக்குக் கீழே ‘நடந்தது’ என்ற ஒரே சொல்தான் இருக்கும். பேனா மூடியைக் கடித்துக் கழற்றினாள்.

“எளையவரு: ‘அந்தம்மாவோட ஆய்வ யாராவது படிச்சீங்களா?’ ... இப்ப ஒருத்தரும் வாயத் தெறக்கல. இருங்க... அந்த மூலையில ஒருத்தரு தூங்கறாரு... மீசை என்னவோ சொல்றாரு, பாதி உள்ளயே மாட்டிக்குது, யாராவது அத வெட்டச் சொல்லக் கூடாதா... ஆங். ‘நான் அட்டையப் பாத்தேன். நல்ல அட்டை.’”

செவ்தா எழுதினாள்: நல்ல அட்டை.

“குண்டு: ‘கொறட்டை எல்லா வீட்லயும் இருக்கு. தறி எந்த வீட்ல இருக்கு?’ மீசை: ‘ரொம்பச் சரி. கொறட்டைன்னா மனுஷகுலத்துக்கே உள்ள பிரச்சனை. தறி, பாவம், பொம்பளைங்க சமாச்சாரம்.’”

இந்த இடத்தில் தாழ்வாரம் எப்படி இருந்தது என்று நான் வர்ணிக்க வேண்டும். வராது எனக்கு. பேச்சு மட்டும் கேட்கிறது: “கேட்டியா?” “கேட்டேன்.” “என்னோடதுக்கும் போன வருஷம் இப்படித்தான் பேசியிருப்பாங்க.” “என்னோடதுக்கு அட்டைகூடப் பாத்திருக்க மாட்டாங்க.” “ஷ்ஷ், பாட்டி சொல்றாங்க.”

தெமெனுகா அப்போதுதான் சமையலறையிலிருந்து காப்பித் தட்டோடு வந்தாள்.

நிலைமை ஒரு நொடியில் புரிந்துவிட்டது. ஆறு பூச்செண்டும் மனசில் வரிசையாக வந்து நின்றன. ஒரு பக்கம், குழுவின் ரகசியம். முப்பது வருஷமாக மதித்த விதி. தன் நோயாளியே அதை மீறிக்கொண்டிருக்கிறாள், தடுத்தாக வேண்டும். இன்னொரு பக்கம், நாற்பது பெண்கள் வரிசையில்.

தட்டை வைத்தாள். பக்கத்தில் இருந்த ஃபைலை எடுத்தாள். பென்காவுக்கு நேரே வந்து நின்று, ஃபைலை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு, தெளிவாகச் சொன்னாள்:

“பென்கா, இது தப்பு. நிறுத்துங்க.”

அறுபது டாக்டர்களுக்குக் கேட்டது. பென்காவுக்குக் கேட்கவில்லை.

“என்ன டாக்டரம்மா, சோதனை ஆரம்பிச்சாச்சா?” என்றாள் பென்கா. “செத்த இருங்க, முக்கியமான கட்டம்.” கழுத்தை நீட்டி ஃபைலைத் தாண்டிப் பார்த்தாள். “மீசை: ‘தெமெனுகாவுக்குப் பூ சொல்லியாச்சா?’ கண்ணாடி: ‘சொல்லியாச்சு. ஒரு டஜன் கார்னேஷன்.’ எளையவரு: ‘டஜனா? பன்னண்டா? ரெட்டப்படை செத்தவங்களுக்குல்ல வைக்கறது?’ மீசை: ‘எவன் எண்ணப் போறான்?’”

தெமெனுகா மறுபடியும், ஃபைலை இறக்காமல், “நிறுத்துங்க” என்றாள். கடமை தவறாதவள். இரண்டு முறை சொன்னாள்.

* இங்கேதான் எனக்குச் சந்தேகம். பத்தொன்பது வருஷப் பழக்கத்தில் கை தானாக ஃபைலைத் தூக்கியதா, இல்லை வேணுமென்றே தூக்கினாளா? பழக்கம் என்றால் இது தமாஷ் கதை. வேணுமென்றே என்றால் வேறு கதை. இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். வார்த்தை ஒன்றுகூட மாறவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

6

கதவு திறந்தது. ஐந்து பேரும் வெளியே வந்தார்கள். குண்டு மனுஷன் எழுந்திருக்க மட்டும் இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. ஹரலம்பி உறையைப் பிரித்தபடி தொண்டையைச் செருமினார்.

“அன்பான சகாக்களே, மகளிர் தினமும் அதுவுமா—”

செவ்தா கையைத் தூக்கினாள். “சார், பதிவேட்டுல ஒரு சின்னச் சந்தேகம். ‘நல்ல அட்டை’ன்னு எழுதியிருக்கேன். ‘அழகான அட்டை’ன்னு சொன்னீங்களா?”

ஹரலம்பியின் முகம் அவர் சட்டையில் குத்தியிருந்த மார்ச் நூலைப் போல, முதலில் வெள்ளை, அப்புறம் சிவப்பு.

“யாரு... எப்படி... உள்ள பேசறது வெளிய கேக்கவே கேக்காதே! எவ்வளவு தடி கதவு! ஒரு சத்தம் வராதே!”

“வரல சார்,” என்றாள் தெமெனுகா. “ஒரு சத்தம்கூட வரல. அதத்தான் பதினேழாம் பக்கத்துல எழுதியிருக்கேன்.”

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு குண்டு மனுஷனின் பின்புறத்தைப் பார்த்தார்கள். பிறகு கூண்டுக்குள்ளே, தரையில் கிடந்த நானூறு பக்கத்தை.

இங்கிருந்து முடிவுக்குப் போக மூன்று வழி எழுதினேன்.

முடிவு, அ: ஓக்னியான் முன்னால் வந்து, கலங்கிய கண்களோடு, “இந்தக் காது எனக்கு வேண்டாம், அந்தம்மாவுக்குக் கொடுங்கள்” என்கிறார். எல்லோரும் அவரைக் கட்டிக்கொண்டு—

“அடிச்சுடு,” என்றாள் பென்கா.

“ஏன்? நல்லாத்தானே இருக்கு?”

“அவரு நல்லவராயிட்டா இது அவரு கதையாயிடும்க்கா. அடுத்த வருஷம் அந்த நல்ல மனசுக்கும் அவருக்கே ஒரு காது குடுப்பாங்க.”

அடித்தேன்.

முடிவு, ஆ: தெமெனுகா நிமிர்ந்து நின்று, “உங்கள் பரிசு எனக்குத் தேவையில்லை” என்று சொல்லிவிட்டுக் காற்றில் கோட்டு பறக்க நடந்து போகிறாள். இதைத் தெமெனுகாவிடமே சொல்லிப் பார்த்தேன். “தேவையில்லன்னு சொல்ல நான் என்ன லூசா?” என்றாள். “நாப்பது பேரு வரிசையில நிக்கறாங்கம்மா.”

முடிவு, இ: சங்கம் கூடி ஆழ்ந்து விவாதித்து, கூண்டுக்கு ஒரு திரைச்சீலை வாங்குகிறது. (இது நடக்கக்கூடியது என்பதால் பயந்து அடித்துவிட்டேன்.)

நடந்தது இதுதான். ஐந்து பேரும் மறுபடி கூண்டுக்குள் போனார்கள். போகும்போது ஹரலம்பி அறிக்கையைத் தரையிலிருந்து எடுத்துத் தட்டிவிட்டு, பக்கங்களைப் புரட்டினார். மூலையில் மறுபடி தூங்கப் போனவரைத் தட்டி எழுப்பினார்கள். இளையவர் சத்தமாகப் படிக்க, மற்ற நாலு பேர் கேட்டார்கள். பென்கா சொன்னாள்: “பதினேழுல இருக்காங்க... பதினெட்டு... அந்தத் துணி கட்டின கதையப் படிக்கறாரு. அதுல நான்தான் ‘நோயாளி ஒண்ணு’. மீசை சிரிக்கறாரு. இப்ப சிரிக்கல.”

அப்புறம் ஹரலம்பி மெதுவாகத் தலையைத் தூக்கி, கண்ணாடி வழியாகப் பென்காவைப் பார்த்தார். பென்கா கை ஆட்டினாள். அவர் ஒரு ஃபைலை எடுத்து வாய்க்கு முன்னால் பிடித்தார். குண்டு மனுஷன் சாப்பாட்டுப் பட்டியலைப் பிடித்தார். கண்ணாடி போட்டவர் தொப்பி. மற்ற இருவரும் உள்ளங்கை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர், ஒரு வாய்கூட இல்லை.

“என்னடி சொல்றாங்க?” என்றாள் மார்கா.

“தெரியலியே,” என்றாள் பென்கா. பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக அவள் முகத்தில் அவ்வளவு பெரிய சிரிப்பு. “படிச்சுட்டாங்கடி. ஒழுங்காப் படிச்சுட்டாங்க.”

தெமெனுகா ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். அன்றைக்கு முழுக்க அவள் உட்கார்ந்தது அப்போதுதான். பன்னிரண்டு கார்னேஷன் ஒரு வாளியில் காத்துக்கொண்டிருந்தது. பென்கா எழுந்து போய் அதில் ஒன்றை உருவித் தன் காதில் செருகிக்கொண்டு, மீதிப் பதினொன்றைத் தூக்கி வந்து அவள் மடியில் வைத்தாள்.

“உயிரோடதான் இருக்கீங்க டாக்டரம்மா. நான் எண்ணிட்டேன்.”

(காதில் பூ என்றால் தமிழில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். நான் என்ன செய்ய, அவள் அங்கேதான் செருகினாள்.)

ஐந்து பேரும் நாற்பது நிமிஷம் உள்ளே இருந்தார்கள். ஆட்டுக்கறிச் சூப்பு ஆறி ஏடு கட்டியது.

7

கதவு திறந்த பிறகு என்ன நடந்தது என்பதைப் பென்கா எனக்குச் சொல்லத்தான் சொன்னாள். அதற்குள் என் பேட்டரி முழுக்கச் செத்துவிட்டது. ஆலைக் குரலுக்கும் ஒரு எல்லை இருக்கிறது. உதட்டைப் படிக்க எனக்குத் தெரியாது. திரும்பக் கேட்டிருக்கலாம், அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். பின்னால் கேட்டபோது, “ஒரு தடவ சொல்லியாச்சு, வேணும்னா போய்ப் பாத்துக்க” என்றுவிட்டாள் பென்கா.

உள்ளே என்று சொல்லும்போதே உங்களுக்கு ஒன்று புரிந்திருக்கும். இது நடந்தது போன மார்ச்சில். தெமெனுகா ஓய்வு பெற வேண்டியது போன கோடையில். இப்போது அக்டோபர். நான் இந்தக் கதையை எங்கே உட்கார்ந்து கேட்டேன் என்று முதல் பத்தியிலேயே சொல்லியிருக்கிறேன். கதவு திறந்திருக்கிறது. பெஞ்சில் எனக்கு முன்னால் ஆறு பேர் இருந்தார்கள், ஆறும் ஆலைக்காரிகள். ஆக, அந்த மட்டில் நீங்கள் மூச்சு விட்டுக்கொள்ளலாம்.

ஆனால் கதவு இரண்டு விதமாகத் திறந்திருக்கலாம். முழுக் காதுக்கும் திறக்கும். ஓக்னியானோடு பங்கு போட்டிருந்தால், அவருக்குக் காது, இவளுக்குப் பெட்டி என்றாலும் திறக்கும்.

தெமெனுகா என் கருவியை வாங்கி, பழைய பேட்டரியை நகத்தால் நெம்பினாள். ஜன்னல் திறந்திருந்தது. ஸ்லிவென் காற்று மேஜையில் இருந்த காகிதங்களைத் தூக்கப் பார்த்தது. முடியவில்லை. அவற்றின்மேல் கனமாக ஏதோ ஒன்று இருந்தது. அதன்மேல் ஒரு கைக்குட்டை, பனிட்சா வெண்ணெய் படாமல் இருக்கப் போட்டது போல. பெட்டியும் காதும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான், ஒன்றுக்காக ஒன்று செய்ததுதானே. துணிக்கு மேலாகப் பார்த்தால் அடியில் இருப்பது எது என்று தெரியவில்லை.

அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வேறொன்று கேட்டேன்.

“டாக்டரம்மா, அன்னிக்கு ஃபைல வாய்க்கு முன்னால பிடிச்சீங்களே, அது பழக்கமா, வேணும்னேவா?”

அவள் என்னைப் பார்த்தாள். மேஜையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டாள். நீளமாக ஏதோ சொன்னாள். தோள் குலுங்கியது. என் கருவி அவளுடைய இன்னொரு கையில் இருந்தது.

கதையை இங்கே நிறுத்துவது நியாயம் இல்லை என்று பென்கா சொல்கிறாள். கைக்குட்டையைத் தூக்கிப் பார்த்திருக்க வேண்டியதுதானே என்று திட்டுகிறாள். என் கை போகவில்லை. முப்பத்தெட்டு வருஷம் இருந்தபடி இருக்குமென்றால் அடியில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஐந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டு பேசிய அந்த நாற்பது நிமிஷத்தை நம்பினால் என்ன இருக்கும் என்றும் தெரியும். எழுதுகிறவள் தூக்கினால் அடியில் இருப்பது என் ஆசையாகத்தான் இருக்கும்.

மேஜை உங்களுக்கும் எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது. கைக்குட்டையின் ஒரு முனை உங்கள் பக்கம் தொங்குகிறது. தூக்குங்கள். நாலு முடி தட்டுப்பட்டால் எனக்குச் சொல்லுங்கள், கொஞ்சம் சத்தமாக.